ஒருவருக்கு ஒரு கேள்வி

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. ஆறு மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனபோது அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். பார்த்து எழுதிக்கொள்ளக் கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து இதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். கொளுத்துகிற வெயிலில் இரண்டு நடை.

தாளில் போட்டிருந்தது இதுதான். இனிமேல் மன்றக் கூட்டம் தொடங்கும்போது அரை மணி நேரம் பொதுமக்கள் கேள்வி நேரம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படி ஒரு வரி போட்டுவிட்டு, கீழே ஒன்பது விதி. கேள்வியை ஏழு நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கேள்வி. பொது விஷயமாக இருக்க வேண்டும், சொந்த விஷயம் கூடாது. யார் பெயரையும் சொல்லக் கூடாது. கேள்வி கேள்வியாகவே இருக்க வேண்டும். உரை, பாராட்டு, கவிதைக்கு அனுமதியில்லை. (கவிதை படிக்கிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.) பதில் வந்த பிறகு ஒரே ஒரு துணைக் கேள்வி, அதுவும் அந்தப் பதிலிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஒரு முறை பதில் சொன்னதை ஆறு மாதத்துக்குத் திரும்பக் கேட்க முடியாது. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் கேள்வி காலாவதி. எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள்.

மூன்று நிமிஷமாம்! யாரிடம் வந்து சொல்கிறார்கள்? முப்பத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டு. "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று எத்தனை ஆயிரம் பேர் பேச்சில் குறுக்கே விழுந்திருக்கிறேன். கல்யாணம் பேசுகிறவர்களையும் விட்டதில்லை, சாவுச் சேதி சொல்கிறவர்களையும் விட்டதில்லை. இப்போது எனக்கு மூன்று நிமிஷம் கொடுக்கிறார்கள்.

கேட்கத்தான் போகிறேன். கச்சேரித் தெரு முனையில் சாக்கடைக்கு மேல் சிலாப் ஏன் இல்லை? பத்து மாதமாக வாயால் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி எழுத்தில் கேட்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

தெருமுனைக் குழியில் அடையாளத்துக்கு நான் கவிழ்த்து வைத்திருந்த சிவப்பு வாளியை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஓட்டை வாளி. அதையும் விடவில்லை. கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொல்லையில் கிடந்தது, அதைக் கொண்டுபோய் வைத்தேன்.

குழி மூன்றடி ஆழம். மழை பெய்தால் தெருவும் சாக்கடையும் ஒரே மட்டமாகிவிடும். போன ஆகஸ்ட் பதினான்காம் தேதி சாயங்காலம் என் தங்கை அம்சவேணி அதில்தான் காலை விட்டாள். அறுபத்திரண்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான காரணங்களை எழுத இந்த டைரி போதாது. அவளுக்கு நான், எனக்கு அவள் என்று இந்த வீட்டில் இருந்தோம்.

ஜூன் 12, வியாழன்

கேள்வியை எழுதி முடித்தேன். ஐந்து பக்கம் வந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் நல்ல தாளில் எழுதி, கீழே "தில்லைநாயகி, 14, கச்சேரித் தெரு" என்று கையெழுத்து போட்டு, டெலிபோன் நம்பரும் கொடுத்திருக்கிறேன். லேண்ட்லைன்தான். செல்போன் ஒன்று இருக்கிறது, அது மேஜை டிராயரில் தூங்குகிறது.

ஜூன் 17, செவ்வாய்

நகராட்சியில் கேள்விகளை வாங்குவதற்கென்று ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். பெனிட்டா என்று பெயர், முப்பது வயதிருக்கும். ஐந்து பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். படித்துவிட்டு,

"அம்மா, இதுல கேள்விக்குறியே இல்லையேம்மா" என்றாள்.

"படிச்சா தெரியலையா, கேக்கறேன்னு?"

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா சேர்மன் அம்மா ஒத்துக்க மாட்டாங்க. ரெண்டு வரில கேளுங்க. அப்புறம் இதுல உங்க தங்கச்சி பேரு பதினேழு இடத்துல வருது. பேரு வரக் கூடாதும்மா."

"செத்துப்போனவ பேருமா?"

அவள் ஒரு புதுப் படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். இந்தப் பெண் நல்ல மாதிரிதான், ஆனால் எதற்கு இப்படிக் கத்திப் பேசுகிறாள் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

பால்காரர் மூன்று தடவை பெல் அடித்தாராம். பெல்லைச் சரிபார்க்க ஆள் சொல்லியனுப்ப வேண்டும். பழைய பெல்.

ஜூன் 24, செவ்வாய்

அம்சவேணியைக் கேள்வியிலிருந்து எடுக்க ஒரு வாரம் ஆகிவிட்டது. முதலில் பெயரை எடுத்தேன். "என் தங்கை" என்று வைத்தேன், அதுவும் சொந்த விஷயம்தான் என்று எனக்கே தோன்றியது. "ஒரு பெண்மணி" என்று போட்டேன். படிக்கச் சகிக்கவில்லை, யாரோ மூன்றாம் மனுஷியைப் போல. கடைசியில் ஆளே இல்லாமல் சிலாப் மட்டும் நின்றது.

காய்கறி வாங்க எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அன்றைக்கு அவள் தனியாகப் போனாள். நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்கள் அவை. பதினோரு நாள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். கோயிலில் யாரிடமோ "அக்காவுக்கு இப்பல்லாம் காது மந்தம்" என்று சொல்லியிருக்கிறாள். என் காதையா! காற்றிலும் மழையிலும் கரகரக்கிற லைனில் பம்பாயிலிருந்து பேசுகிறவன் குரலைப் பிடித்து, யார் என்ன என்று சொன்னவள் நான். அந்தக் காதைப் போய் மந்தம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தாள்.

பேசாவிட்டால் என்ன, வேலை நடந்தது. காலண்டர் தேதித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதி வைப்பாள். "பருப்பு தீர்ந்துவிட்டது." "ரசத்தில் உப்பு போட்டாயிற்று, மறுபடி போட வேண்டாம்." நான் பதிலுக்கு எழுத மாட்டேன். பருப்பை வாங்கி டப்பாவில் கொட்டிவைப்பேன். அதுதான் பதில்.

அந்தப் பதினோரு நாளில் வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

நாற்காலியும் போய்விட்டது. ஒரு முருங்கைக் கிளையை வெட்டி நட்டு, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினேன். டீக்கடையிலிருந்து ஒருவர், "என்னம்மா, கட்சிக் கொடியா?" என்று கேட்டார். "ஆமா, நீங்க சேர்றீங்களா?" என்றேன். இந்த வாரம் நான் மனுஷர்களிடம் பேசியது இவ்வளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

இரண்டு வரியில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். "கச்சேரித் தெரு முனையில் கழிவுநீர்க் கால்வாய்க்குச் சிலாப் ஏன் போடவில்லை, எப்போது போடுவீர்கள்?" கேள்விக்குறி போட்டிருந்தேன், பெரிதாகவே.

பெனிட்டா படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது ரெண்டு கேள்வி."

"எது ரெண்டு?"

"'ஏன் போடல' ஒண்ணு. 'எப்ப போடுவீங்க' ஒண்ணு. ஒருத்தருக்கு ஒண்ணுதாம்மா. ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா இப்பவே வாங்கிக்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கல்லாம் கேள்வியை எண்ணறதுக்கு உக்காந்திருக்கீங்களா, பதில் சொல்றதுக்கா?" என்று கேட்டேன். அவள், "இதுவும் ரெண்டு கேள்விம்மா" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். வெகு நாளாயிற்று.

பிறகு அவள், "இந்த இடத்துக்கு முன்னாடி யாராவது புகார் குடுத்திருக்காங்களா? நம்பர் இருந்தா கேள்வியோட சேர்த்துக்கலாம், வலுவா இருக்கும்" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியாது. சரி, பழைய பதிவேட்டைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனாள். கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தவள் என் படிவத்தை எடுத்து, கீழே நான் எழுதியிருந்த போன் நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, 'எப்போ'ன்னு கேளுங்க. 'ஏன்' வேணாம்."

"ஏன் வேணாம்?"

"எப்போன்னு கேட்டா தேதி சொல்லித்தான் ஆகணும், சிலாப் வந்துடும். ஏன்னு கேட்டா காரணம் மட்டும்தாம்மா வரும். காரணத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

பதிவேட்டில் என்ன இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் பெருசா இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டாள். இன்றைக்கு அவள் கத்திப் பேசவில்லை. பாதி எனக்கு... அங்கே மின்விசிறிச் சத்தம் ஜாஸ்தி.

படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஏன், எப்போது. மூன்று நாளாக இதே யோசனை.

சிலாப் வேண்டும்தான். நாளைக்கு இன்னொரு வீட்டு ஆள் விழக் கூடாது. ஆனால் சிலாப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று போய்விடுவார்கள். யார் செய்யவில்லை, யாருடைய மேஜையில் தூங்கியது என்று யாராவது ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். "எங்கள் தப்பு" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும். அதைக் கேட்டுவிட்டால் நான் தூங்குவேன். பத்து மாதமாக எனக்கு வேண்டியது அதுதான்.

ஜூலை 9, புதன்

"ஏன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெனிட்டா முத்திரை குத்தினாள். மூன்றாம் எண் கேள்வி. கூட்டம் 31ஆம் தேதி காலை பத்தரை.

"துணைக் கேள்வில 'எப்போ'ன்னு கேட்டுடுங்கம்மா, மறந்துடாதீங்க" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டிக்காரப் பெண்.

ஜூலை 13, ஞாயிறு

கேள்வியைக் கடிகாரம் வைத்துப் படித்துப் பார்த்தேன். பதினோரு விநாடி. மூன்று நிமிஷத்தில் பதினோரு விநாடி போக மீதியை என்ன செய்வது?

போன் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினால்தான் எனக்குக் குரல் சரியாக வருகிறது. எடுத்து வைத்துக்கொண்டு பேசினேன். டயல் டோன்கூட இப்போதெல்லாம் சன்னமாகத்தான் வருகிறது. லைன் பழசு. இந்த போனுக்கு மாதத்தில் இரண்டு ராங் நம்பர் வரும், அவ்வளவுதான். போன மாதம் ஒருவர் "சிமென்ட் கடையா?" என்று கேட்டார். என்ன சிமென்ட் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவரே வைத்துவிட்டார்.

டிரங்க் போர்டில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. பெயர் சொல்லிக் கேட்கிற கால். அந்த ஆள் லைனுக்கு வந்தால்தான் பேச்சு, வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஆள் பக்கத்து வீட்டில் இருக்கிறார், குளிக்கிறார் என்றால் கூட்டிக்கொண்டு வரும்வரை லைனைப் பிடித்து வைத்திருப்போம். அப்படி எனக்கு வந்த பி.பி. கால் ஒன்றைக்கூட நான் ஆளைத் தேடாமல் வெட்டியதில்லை. சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன்?

ஜூலை 22, செவ்வாய்

இன்று யாரிடமும் பேசவில்லை. நேற்றும் இல்லை.

ஜூலை 23, புதன்

வெண்டைக்காய் கால் கிலோ வாங்கினேன். ஒரு ஆளுக்கு அதுவே மூன்று நாள் வருகிறது. முருங்கைக் கிளை துளிர் விட்டிருக்கிறது. சாக்கடைத் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறது.

ஜூலை 30, புதன்

நாளைக்குக் கூட்டம். பழுப்புக் கரை போட்ட சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நான் அவளிடம் பேசினேன். பேசவில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முதல் நாளே பேசினேன். "வலிக்குதா அம்சா?" என்று கேட்டேன். அவள் கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். பதினோரு நாளும் அதோடு போயிற்று. நாலாம் நாள் ஜுரத்தில் ஏதோ கேட்டாள். "போன் வந்துதாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாளும் கேட்டாள். ஜுரம் வந்தால் என்னென்னவோ பேசுவார்கள்.

சேலைக்குப் பொருத்தமான ரவிக்கையைக் காணோம். அவள்தான் எங்கேயோ மடித்து வைத்திருப்பாள்.

ஜூலை 31, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மன்றக் கூடத்தில் பின்னால் பொதுமக்களுக்கு இரண்டு வரிசை நாற்காலி. கேள்வி கேட்க ஒரு மைக். சேர்மன் குணசுந்தரி அம்மா மேஜையில் ஒரு மணி வைத்திருந்தார், பூஜை மணி மாதிரி சின்னதாக. முதல் கேள்வி குடிநீர். இரண்டாமவர் பெயரைக் கூப்பிட்டார்கள், ஆள் வரவில்லை, காலாவதி. மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டபோது எனக்கு... பெனிட்டா வந்து தோளைத் தொட்டாள். எழுந்து போனேன்.

படித்தேன். குரல் நடுங்கவில்லை. பதினோரு விநாடி.

இன்ஜினியர் எழுந்து தாளைப் பார்த்துப் பதில் படித்தார். பதிலின் நகலைப் பெனிட்டா முன்னாலேயே என் கையில் கொடுத்திருந்தாள், அதனால் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை. அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"மேற்படி இடத்தில் சிலாப் உடைந்திருப்பதாகச் சென்ற ஆண்டு ஆகஸ்ட் ஆறாம் தேதி தொலைபேசி மூலம் ஒரு புகார் வரப்பெற்றது. இடத்தை உறுதி செய்ய, புகார்தாரர் கொடுத்த எண்ணில் ஒன்பதாம் தேதி தொடர்பு கொண்டு பெயரைச் சொல்லிக் கேட்டபோது, அப்படி யாரும் அங்கே இல்லை என்று ஒரு பெண் குரல் தெரிவித்தது. ஆகவே பொய்ப் புகார் என்று கருதி முடித்து வைக்கப்பட்டது. அதன் பிறகு எழுத்து மூலமாகப் புகார் எதுவும் வரப்பெறவில்லை."

பெயர் இல்லை. நாலாம் விதிப்படி பெயர் சொல்லக் கூடாதே. கூடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கவுன்சிலர்கள் சிலர் தலையாட்டினார்கள், ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நினைத்தால் நான் இப்படியே உட்கார்ந்துவிடலாம்.

சேர்மன் நல்ல மாதிரியாகவே கேட்டார். "துணைக் கேள்வி இருக்காம்மா? எப்ப போடுவீங்கன்னுதானே? கேளுங்க."

"அந்தப் போனை எடுத்தது நான்தான்" என்றேன்.

"என்னம்மா?"

"அப்படி யாரும் இல்லைன்னு சொன்னது நான்தாங்க. அவ இருந்தா. கொல்லையில துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தா."

சேர்மன் பக்கத்திலிருந்த கமிஷனரைப் பார்த்தார். அவர் விதித் தாளைத் தொட்டுக் காட்டினார். "அம்மா, இது கேள்வியா இல்லையே. கேள்வியா இருந்தா கேளுங்க, இல்லேன்னா உக்காருங்க." மணியில் கை வைத்தார். அடித்தாரா என்று தெரியவில்லை.

கேள்வியாக வேண்டும். சரி, கேள்வியாகவே கேட்டேன்.

"புகார் பொய் இல்ல, போன்ல சொன்னதுதான் பொய், சொன்னது அவளோட சொந்த அக்கான்னு உங்க பதிவேட்டில எழுதிக்க முடியுமா?"

டீ குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சேர்மன், "இது சொந்த விஷயம்மா. பதிவுல ஏறாது. உக்காருங்கம்மா" என்றார். குரல் இறங்கியிருக்க வேண்டும், வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். நாலாவது கேள்வி தெருநாய் பற்றியது.

வெளியே வராந்தாவில் பெனிட்டா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டாள். "நான் சொன்னேனேம்மா, ஏன்னு கேக்க வேணாம்னு" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு, "அன்னைக்கு உங்களுக்குச் சரியாக் காதுல விழுந்திருக்காதும்மா. வேற யார் பேரோன்னு நினைச்சிருப்பீங்க. எங்க ஆபீஸ் லைனும் கரகரன்னுதான் இருக்கும்" என்றாள்.

எவ்வளவு அருமையான காரணம். ஊரே நம்பும். அம்சவேணியே கோயிலில் சொல்லி வைத்திருக்கிறாள், சாட்சிகூட உண்டு.

"இல்லம்மா. நல்லாவே விழுந்துது" என்றேன்.

"எப்போ" என்று கேட்க மறந்துவிட்டேன். இனி ஆறு மாதம் கேட்க முடியாது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போன ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றே கால் மணிக்கு அந்த போன் வந்தது. "அம்சவேணி அம்மா இருக்காங்களா?" ஆண் குரல். எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் "அம்சா" என்று நான் வாயைத் திறக்க வேண்டும். ஆறு நாளாகப் பிடித்த பிடி. நான் முதலில் பேசியதாக ஆகிவிடும். "அப்படி யாரும் இங்க இல்ல" என்று வைத்துவிட்டேன்.

மணிச் சத்தம் கேட்டு அவள் ஈரக் கையோடு உள்ளே வந்தாள். போனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் முதலில் பேசியதாக ஆகிவிடும். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஆஸ்பத்திரியில் அவள் உளறவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். நான் கூட்டத்தில் கேட்கப் போனது, அன்றைக்கு வந்தது வேறு ஏதோ விஷயமான போன் என்று யாராவது சொல்வார்களா என்றுதான்.

பாவி. நான்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

சமைக்கவில்லை. பழைய டப்பாவில் இருந்த அவலை ஊறவைத்துச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூட்டக் குறிப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். "கேள்வி எண் 3: சிலாப் குறித்து. பதிலளிக்கப்பட்டது. துணைக் கேள்வி: இல்லை."

இல்லை என்று எழுதுவது எவ்வளவு சுலபம். நானும் செய்திருக்கிறேன்.

பெனிட்டாவின் நாற்காலி காலியாக இருந்தது. லீவு என்றார்கள். எழுத்து மூலமாக ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கேள்வி இல்லை, புகார். அதில் பெயர் எழுதலாம். முதல் புகார் கொடுத்தவர் அம்சவேணி என்றும், அது பொய்ப் புகார் இல்லை என்றும், அந்தப் பழைய புகாரைத் திறந்து அவள் பெயரிலேயே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். எட்டு வரிதான் வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சிலாப் போட்டுவிட்டார்கள். நான் போய்ப் பார்ப்பதற்குள் ஈரம் காய்ந்திருந்தது. முருங்கைக் கிளையைப் பிடுங்கி ஓரமாக எறிந்திருந்தார்கள். வேர் விட்டிருந்தது. எடுத்து வந்து கொல்லையில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் நட்டேன்.

போகும்போது சிலாப்பைச் சுற்றிக்கொண்டு போனேன். வரும்போது அதன் மேலேயே நடந்து வந்தேன். ஆறு அடிதான் வரும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பெரியாஸ்பத்திரியில் காது டாக்டரிடம் போனேன். இடது காது பாதிக்கு மேல் போய்விட்டதாம், வலது கொஞ்சம் தேவலையாம். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். மூன்று வருஷம் இருக்கும் என்றேன். வீட்டில் யாரும் சொல்லவில்லையா என்றார். சொன்னாள் என்றேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை பத்து மணி இருக்கும், போன் அடித்தது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கேட்டது. சிமென்ட் கடையாக இருக்கும் என்று எடுத்தேன். ஓர் ஆண் குரல். முதலில் சொன்னது புரியவில்லை.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம்ங்க. சத்தமா சொல்லுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனில் இதைச் சொல்கிறேன். ரிசீவரை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நகராட்சிலேர்ந்து பேசறோம்மா. ஒரு சிலாப் புகார். வேலை முடிஞ்சுதான்னு உறுதி பண்ணிக்கிட்டு முடிச்சு வெக்கணும். புகார் குடுத்தவங்கதான் சொல்லணும். அம்சவேணிங்கறவங்க அங்க இருக்காங்களா?"

பி.பி. கால். கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. கொடியில் என் துணி மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அவர் "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

"லைன்ல இருங்க" என்றேன்.

ரிசீவரை மேஜை மேல் வைத்தேன். கொல்லை வாசலுக்குப் போய் நின்று, "அம்சா, உனக்குப் போன்" என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன். அந்த மனிதர் வைக்காமல் காத்துக்கொண்டிருந்தார்.

"அம்சவேணி வீடுதாங்க இது" என்றேன். "அவ அக்கா பேசறேன்."